மருந்துச் சாலை போன ஊர்

பழவேற்காடு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? இறால், நண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் தூரத்தில் ஒரு கூட்டம் பூநாரை. சென்னைவாசிகளான நமக்கு அந்த ஊரோடு உள்ள சம்பந்தம் சமையலறையோடு சரி. ஆனால், சகோதரிகளே, ஏறக்குறைய 400 வருஷங்களுக்கு முன்பு அங்கே கப்பலேறிய சரக்குகள் துணியும் மருந்தும். மருந்து என்றால் கஷாயம், லேகியம் என்று எண்ணிவிடாதீர்கள். பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் கெட்டிக்கிற மருந்து!

1613-இல் ஒல்லாந்தர்கள் அங்கே கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். 1620-களில் அங்கே ஒரு வெடிமருந்துச் சாலையும் வைத்தார்கள். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் பக்குவமாக இடித்துச் சேர்க்கிற வேலை. கேட்பதற்கு ஏதோ நம் வீட்டுப் பொடி இடிக்கிற சமாசாரம் மாதிரி இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு பொறி பறந்தால் இடித்தவரும் சேர்ந்து பறக்க வேண்டியதுதான். கிழக்கிந்தியத் தீவுகளில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைகளுக்கும், தாய்நாடு திரும்பும் அவர்களுடைய கப்பல்களுக்கும் பல வருஷ காலம் இங்கிருந்து மருந்து போயிற்று. அதே துறையிலிருந்து நம் ஜனங்களை அடிமைகளாகவும் ஏற்றி அனுப்பினார்கள். ஆகவே, அந்தச் சாலை போய்விட்டதே என்று நான் ஒப்பாரி வைக்கப் போவதில்லை.

1690-இல் ஒல்லாந்தர் தங்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். 1781-இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் வசமானதும் மறுபடி பழவேற்காட்டுக்கே வந்தார்கள். 1795-இல் இதையும் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1806-இல் கோட்டையை இடித்துப் போட்டார்கள். இத்தனை வரவுக்கும் போக்குக்கும் ஏரிக்கரைக் குப்பத்து ஜனங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா?

மருந்து இடித்தவர்களின் வீட்டுப் பெண்கள், சாலை நின்ற பிறகு எதை உலையில் போட்டார்கள்? கோட்டைக் கணக்குப் புத்தகங்களில் அதற்குப் பத்தி கிடையாது. ஆனால் நம் காலத்தில் இதே கதை அமெரிக்காவில் நடந்திருக்கிறது. அங்கே கேட்டால் பதில் கிடைக்கும்.

நியூயார்க் மாகாணத்தில் இலியன் என்று ஒரு சிற்றூர். ஜனத்தொகை எட்டாயிரம்கூட இல்லை. ரெமிங்டன் என்ற கொல்லர் 1816-இல் துப்பாக்கி செய்யத் தொடங்கி, 1828-இல் அந்த ஊர்க் கால்வாய் ஓரத்தில் பட்டறை போட்டார். ‘ரெமிங்டன்’ என்ற பெயரை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில்தான்! உள்நாட்டு யுத்தம் முடிந்து துப்பாக்கிக்குக் கிராக்கி குறைந்ததும் அந்தக் கம்பெனி தையல் மெஷின் செய்தது. 1873-இல் டைப்ரைட்டர் செய்ய ஒப்புக்கொண்டது. முதலில் வந்த டைப்ரைட்டருக்குத் தையல் மெஷின் மாதிரியே காலால் மிதிக்கிற பலகையும், மேலே பூப்போட்ட அலங்காரமும் இருந்தன. நம் வீடுகளிலிருந்து எத்தனை பெண்கள் ‘லோயர், ஹையர்’ பாஸ் செய்து ஆபீஸ் படி ஏறினார்கள்! அந்த மெஷினுக்குத் தாய்வீடு ஒரு துப்பாக்கிப் பட்டறை.

அப்பேர்ப்பட்ட பட்டறை 2020-இல் திவாலாகி வேறு கைக்குப் போயிற்று. 2023 நவம்பரில், இலியன் ஆலையை மூடி வேலையை ஜார்ஜியா மாகாணத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று அறிவித்தார்கள். 2024 மார்ச்சில் மூடியே விட்டார்கள். வேலை இழந்தவர்கள் சுமார் 270 பேர். தாத்தா, அப்பா, மகன் என்று தலைமுறை தலைமுறையாக ஒரே வாசலில் நுழைந்த குடும்பங்கள் அதில் உண்டு. சின்ன ஊரில் 270 சம்பளம் நின்றால் மளிகைக் கடை முதல் பள்ளிக்கூடம் வரை ஆட்டம் காணும்.

நம் திருச்சியிலும் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை நடக்கிறது. 2021 அக்டோபர் 1-ந் தேதி, சர்க்காரின் 41 ஆயுதத் தொழிற்சாலைகளையும் ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். திருச்சி ஆலை கான்பூரில் தலைமையிடம் உள்ள கம்பெனியோடு சேர்ந்தது. ஆலை மூடப்படவில்லை, ஆனாலும் தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. வேலைநிறுத்தம் செய்ய முடியாதபடி அதே வருஷம் சட்டமும் வந்தது. ஒல்லாந்தரும் இலியனும் நினைவிருந்தால் அந்தக் கலக்கம் வீண் பயம் என்று தோன்றாது.

மறுபடி பழவேற்காட்டுக்கு வருவோம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கிறதே ஸ்ரீஹரிகோட்டா, அதை 1969-இல் ராக்கெட் தளத்துக்கென்று தேர்ந்தெடுத்தார்கள். தீவில் இருந்த குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. ராக்கெட்டுக்கான திட எரிபொருளை இன்று அங்கேயே தயாரிக்கிறார்கள். ஒரு விதத்தில் பார்த்தால் பழைய மருந்துச் சாலை ஏரியைத் தாண்டி எதிர்க்கரைக்கு வந்த மாதிரிதான்! நாட்டுக்குப் பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் ராக்கெட் கிளம்புகிற நாளில் மீனவர்களைக் கடலுக்குப் போகாதே என்கிறார்கள். நாம் டெலிவிஷன் முன்னால் கைதட்டுகிற நேரத்தில் அந்தக் குப்பங்களில் படகு கரையில் கிடக்கும்.

தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தை இந்தக் கிராமங்கள் பல வருஷங்களாக எதிர்க்கின்றன. ஊர்வலங்களில் பெண்கள் முன்னால் நிற்கிறார்கள். “வேலை கிடைக்குமே, ஏன் வேண்டாம் என்கிறார்கள்?” என்று நம் வீட்டு ஆண்கள் பேப்பரை மடித்துக்கொண்டு கேட்பதுண்டு. அந்தப் பெண்களின் கணக்கு சரி என்பது என் அபிப்பிராயம். ஆலையும் கோட்டையும் யாரோ ஒருவருடைய தேவைக்கு வந்தவை. தேவை தீர்ந்ததும் போனவை. ஏரியில் நடப்பது வேறு ஏற்பாடு. ‘பாடு’ என்று பெயர். எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்று கிராமங்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்கின்றன. நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாது. வலையும் படகும் இல்லாத இருளர் பெண்கள்கூட ஆழமில்லாத சேற்று நீரில் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லால் கடித்துப் பிடித்திருக்கும் ஓலைப் பறியில் போட்டுக்கொள்கிறார்கள். நமக்கு வரும் இறாலில் அவர்கள் பிடித்ததும் இருக்கும்.

அந்த ஏரிக்குக் கடல்நீர் வந்துபோக முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். மணல் சேர்ந்து அது மூடிக்கொண்டால் உள்ளே நீர் கெட்டு இறாலும் மீனும் குறையும். படகு கடலுக்குப் போகவும் வழி இருக்காது. கரை ஓரத்தில் என்ன கட்டினாலும் மணலின் போக்கு மாறும் என்று அவர்களுக்குத் தெரியும். மருந்துச் சாலை போனபோது இருந்த ஏரி, அடுத்த ஆலை போகும்போதும் இருக்குமா என்பதுதான் அவர்கள் கேட்கிற கேள்வி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்த்தான் பாருங்களேன். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கினால் பஸ் இருக்கிறது. ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பம், குழந்தைகள் பயப்படலாம். கோட்டை இருந்த இடத்தில் புதரும் அகழியும்தான். ஊருக்குள் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் பின்னுகிறார்கள். அங்கே மட்டும் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.