கக்கூஸ் கோப்பைக்கும் மட்டம் வேணும்

"கக்கூஸ் கட்டிக் கொடுத்தாலும் கிராமத்தான் அதுல விறகுதான் அடுக்குறான்"னு டவுன்ல இருக்கிற நண்பர்கள் கிண்டல் பண்றீங்க. ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்திருக்கீங்களா?

தூய்மை இந்தியா திட்டம் 2014ல் வந்தது. ஒரு வீட்டுக்கு 12,000 ரூபாய். எங்க சிதம்பரம் பக்கம் களிமண் பூமி. கோடையில வெடிக்கும், ஐப்பசி மழையில உப்பும். அதுமேல திமிசு போடாம மண்ணைக் கொட்டி, கோப்பையை வச்சு, சிமெண்டைப் பூசிட்டுப் போனா ரெண்டே மழையில ஒரு பக்கம் இறங்கிடும். கோப்பைக்குக் கீழ டிராப்ல 20 மில்லிமீட்டர், அதாவது ஒரு விரல்கடை தண்ணி எப்பவும் நிக்கணும். குழி நாத்தத்தை அடைக்கிறதே அந்தத் தண்ணிதான். டிராப் சாய்ஞ்சா தண்ணி நிக்காது, வீடே நாறும். அப்புறம் யார் உள்ளே போவா?

சந்துல வெள்ளை சிமெண்ட் அப்புறது வைத்தியம் இல்லீங்க. கோப்பையைப் பேர்த்து, மண்ணை நனைச்சு இடிச்சு, மணல் பரப்பி, கான்கிரீட் போட்டு, ரசமட்டம் வச்சுப் பார்த்து உட்கார வைக்கணும்.

நாத்தங்காலுக்கே பரம்படிச்சு மட்டம் பார்க்கிறவங்க நாங்க. எங்களுக்குப் புத்தி சொல்றதை விட்டுட்டு, எத்தனை கட்டினோம்னு எண்ணுறவங்க கையில ஒரு ரசமட்டத்தைக் கொடுங்க.