மாமனாரும் பாயிண்ட் அறுபதும்

"எத்தனை எம்.எம்.?" என்றார் கடைக்காரர்.

நான் பி.காம். ஃபர்னிச்சருக்குத் தேய்மானம் எத்தனை சதவிகிதம் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். தூண்டில் நரம்பு எத்தனை எம்.எம். என்று கேட்டால்?

"நல்லதா, ஸ்ட்ராங்கா குடுங்க."

"என்ன மீனுக்கு?"

"அது மீன் இஷ்டங்க. எது வருதோ அது."

'யாருக்காவது ஏதாவது ஒரு சட்டை கொடுங்க' என்று ஜவுளிக் கடையில் கேட்டவனைப் பார்ப்பது போல் பார்த்தார். பிறகு ரீல் ரீலாக எடுத்து மேஜையில் அடுக்கினார். பாயிண்ட் இருபது, பாயிண்ட் இருபத்தஞ்சு, முப்பது, நாற்பது... கடைசியில் 0.60. தொட்டுப் பார்த்தேன். துணி காயப்போடலாம் போலிருந்தது. இருப்பதிலேயே கனமானதை வாங்குவதில் தப்பே வராது என்பது என் கொள்கை. பூட்டு, பீரோ, செருப்பு எல்லாம் அப்படித்தான் வாங்கியிருக்கிறேன். 0.60-ஐ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மேலூர் பஸ் ஏறினேன். பக்கத்தில் என் எட்டு வயது மகள்.

எனக்கும் மீனுக்கும் உள்ள உறவு இதுவரை குழம்போடு சரி. இந்தத் திடீர் ஞானோதயத்துக்குக் காரணம் என் மாமியாரின் டெலிபோன்.

"உங்கப்பா ரெண்டு மாசமா மீனே கொண்டு வரலடி. தினம் கண்மாய்க்குப் போறாரு, வெறும் பையோட வர்றாரு. கேட்டா, மீனுக்கெல்லாம் புத்தி வந்திருச்சுங்கறாரு. என்னமோ எனக்குச் சரியாப் படல."

காலாண்டு லீவு. மனைவிக்கு ஆபீஸில் ஆடிட். "நீங்கதான் வீட்ல உக்காந்து எழுதறீங்களே, போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றாள். எழுதுகிறவனுக்கு லீவு, வேலைநாள் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது என்பது உலக அபிப்பிராயம்.

இங்கே ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். மூன்று வருடம் முன்னால் நான் ஆடிட்டர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு 'முழு நேர எழுத்து' என்று கிளம்பியதிலிருந்து, மாமனார் என்னிடம் பேசுவதை "வாங்க மாப்ளே", "சாப்பிட்டீங்களா", "போய்ட்டு வாங்க" என்ற மூன்று வாக்கியங்களுக்குள் முடித்துக்கொண்டிருந்தார். எனவே மீனோடு மாமனாரையும் பிடித்தாக வேண்டிய நிலைமை எனக்கு.

* * *

மாமா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து, ஃபோர்மேனாக ரிட்டையர் ஆனவர். வாழ்க்கையில் பாதி நாளைக் கம்பத்தின் மேலேயே கழித்தவருக்கு நான் கம்பி நரம்பைக் காட்டினால் என்ன ஆகும்? ரீலை வாங்கி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டினார்.

"பாயிண்ட் அறுவதா? கெண்டை பிடிக்கப் போறீங்களா, இல்ல மாடு கட்டப் போறீங்களா?"

நான்காவது வாக்கியம்! எனக்கு ஒரே சந்தோஷம். வாயைக் கிளறினேன்.

"ஸ்ட்ராங்கா இருந்தா நல்லதுதானே மாமா?"

"மாப்ளே, உங்க வீட்ல அடிக்கடி ஃப்யூஸ் போகுதுன்னு, ஃப்யூஸ் கட்டையில தாம்புக்கயிறு தடிமனுக்குக் கம்பி சுத்துவீங்களா?"

"வீடு எரிஞ்சுடும்."

"அதேதான்! எது அறணுமோ அது அறணும். தங்கூஸ் அறாதுன்னா முள்ளு நிமிரும், இல்ல கம்பு ஒடியும்."

அப்புறம் அரை மணி நேரம் திண்ணையில் கிளாஸ். நான் காலேஜில்கூட இவ்வளவு கவனமாக நோட்ஸ் எடுத்ததில்லை. வாசகர்களுக்காக அதன் சாரம்:

முதல் சந்தேகம். ஐந்து கிலோ மீனுக்கு ஐந்து கிலோ தாங்கும் நரம்புதானே வேண்டும்? வேண்டாமாம். மீனின் வயிற்றில் காற்றுப்பை இருக்கிறது. தண்ணீருக்குள் அதற்கு எடையே கிடையாது என்று சொல்லலாம். நரம்பு தாங்க வேண்டியது மீனின் எடையை அல்ல, அது திமிறி ஓடும் வேகத்தை. மூங்கில் கம்பின் நுனி வளைந்து கொடுத்தே பாதி வேகத்தை உறிஞ்சிவிடும். நைலான் நரம்பும் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். ரீல் வைத்திருப்பவர்கள், நரம்பின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு இழுத்தாலே நூல் வெளியே ஓடும்படி ரீலைத் தளர்த்தி வைத்துக்கொண்டால் போதும். அப்படித்தான் சின்ன நரம்பில் பெரிய மீனைக் கரை சேர்க்கிறார்கள். ஆனால் 'மாட்டிருச்சு!' என்ற குஷியில் நரம்பைப் பிடித்து மீனை அந்தரத்தில் தூக்கினால், அந்தக் கணமே எடை முழுசாக வந்துவிடும். டப்! கரையோரம் வந்த மீனுக்குக் கைவலை போட வேண்டும்.

இரண்டாவது கணக்கு. தடிமன் இரண்டு மடங்கானால் சக்தி நாலு மடங்கு. 0.20 நரம்பு சுமார் மூன்று கிலோ தாங்கினால், 0.40 பத்துப் பன்னிரண்டு கிலோ தாங்கும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். சில ரீல்களில் பவுண்டில் போட்டிருப்பான். பத்துப் பவுண்டு என்றால் நாலரைக் கிலோ.

"அப்ப எந்த மீனுக்கு எது மாமா?"

விரல் விட்டு எண்ணினார். சின்னக் கெண்டை, ஜிலேபிக்கு 0.20; மிஞ்சினால் 0.25. ரோகு, மிர்காலுக்கு 0.30. கட்லா தலை பெருத்த ஆசாமி, கனமாக இழுப்பான், அவனுக்கு 0.35-லிருந்து 0.40. விரால் அவ்வளவு பெரிய மீன் இல்லை. ஆனால் மாட்டியதும் நேராக அல்லிக் கொடிக்குள், கோரைக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளும். அதைப் பாசியோடு சேர்த்துப் பிடுங்க வேண்டும். அதனால் விராலுக்கு மட்டும் தாராளமாக 0.45, 0.50. இல்லையென்றால் இப்போது வருகிற பின்னல் நூல். அது மெல்லிசாகவே இருந்து எக்கச்சக்க எடை தாங்கும். ஆனால் கொஞ்சம்கூட நீளாது, வெடுக்கென்று இழுத்தால் மீன் வாய் கிழிந்துவிடும். வாளைக்கு வாயெல்லாம் பல். அதற்கு நரம்பு கனத்துப் பிரயோசனமில்லை. முள்ளுக்கு மேலே ஒரு சாண் மெல்லிய கம்பி போட வேண்டும்.

"மீனோட சைஸ் பாதி மாப்ளே. அது எங்க ஓடி ஒளியும்கறது மீதிப் பாதி."

நைலான் வருவதற்கு முன்னால் குதிரை வால் முடியையும் பட்டு நூலையும் வைத்து உலகம் மீன் பிடித்திருக்கிறது. அமெரிக்காவின் டுபாண்ட் கம்பெனி 1938-ல் நைலானை அறிவித்த பிறகுதான் இந்தத் தங்கூஸ் யுகம். 1946-ல் காவிரியின் துணையாறான கபினியில் வான் இங்கன் என்பவர் தூண்டிலில் 120 பவுண்டு மஹ்சீர் பிடித்ததை இன்றும் மீன்பிடிக்காரர்கள் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். கிட்டத்தட்ட 54 கிலோ! என் மனைவியின் எடை. (இந்த ஒப்பீட்டை அவள் படிப்பதற்குள் அடுத்த இதழ் வந்துவிட வேண்டும்.)

* * *

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கண்மாய். குத்தகை எடுத்திருப்பவர் மாமாவின் பெரியப்பா மகன் என்பதால் அனுமதிப் பிரச்னை இல்லை. பெரியாறு கால்வாய்த் தண்ணீர் வந்து, கண்மாய் நிறைந்திருந்தது. மகள் மண்புழு டப்பாவைத் திறந்து பார்த்து, மூடி, மறுபடி திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா உட்கார்ந்தார். பையிலிருந்து ரீலை எடுத்தார். என்ன எடுத்தார் தெரியுமோ? நான் வாங்கி வந்த பாயிண்ட் அறுபது!

"மாமா, மாடு..."

"மெல்லிசு தீர்ந்துபோச்சு மாப்ளே."

நரம்பைக் கட்டி, இரை கோத்துப் போட்டுவிட்டு, "பாப்பா, தக்கையைப் பார்த்துக்கிட்டே இரு. ஆடுனா தாத்தாகிட்ட சொல்லு. இதான் உனக்குப் பரீட்சை" என்றார். அரை மணி. ஒரு மணி. ஒன்றும் கடிக்கவில்லை. கெண்டை சாதி மீன்கள் இரையை லபக்கென்று விழுங்குவதில்லை, உறிஞ்சிப் பார்க்கும். கம்பி மாதிரி விறைப்பான நரம்பு கூடவே வந்தால் துப்பிவிட்டுப் போய்விடும். இதையும் முதல் நாள் சொன்னவர் மாமாதான்.

"அப்பா, மீனெல்லாம் லீவா?" என்றாள் மகள்.

வேறு முள் இருக்கிறதா என்று மாமாவின் தகர டப்பாவைத் துழாவினேன். அதில் 0.20 ஒரு ரீல், 0.25 இரண்டு ரீல். லேபிள்கூடப் பிரிக்காமல் புத்தம் புதுசு.

கணக்கு எழுதினவனுக்கு இது புதிதில்லை. சரக்கு கையில் இருக்கும்போது 'ஸ்டாக் இல்லை' என்று யாராவது சொன்னால், அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். ஆனால் மாமனாரிடம் வவுச்சர் கேட்க முடியுமா?

பேசாமல் 0.25-ஐப் பிரித்து, மகளின் சின்னக் கம்பில் நானே முள் கட்டினேன். பத்து நிமிஷத்தில் தக்கை முங்கியது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபி! மகள் போட்ட கூச்சலில் கரையிலிருந்த கொக்குகள் பறந்தன. அடுத்து இன்னொன்று. மூன்றாவது தடவை தக்கை முங்கவில்லை, காணாமலே போனது. கம்பு வில்லாக வளைந்தது. பழுப்பும் வெள்ளியுமாக ஒரு முதுகு திரும்பியது. ரோகு!

"இழுக்காதே பாப்பா, கம்பை நிமிர்த்திப் பிடி, ஓட விடு!" மாமா எழுந்து நின்று கத்தினார்.

குழந்தை சொன்னபடியே செய்தாள். மூன்று ஓட்டம் சமாளித்தாள். கரைக்குப் பத்தடி இருக்கும்போது கம்பு சட்டென்று நிமிர்ந்தது. அவ்வளவுதான். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நுனியைக் குடுங்க" என்றார் மாமா. நான் ஏதோ கதை சொல்ல ஆரம்பித்தேன். அவர் அறுந்த நுனியை விரல்களுக்கிடையே வைத்து மெதுவாக உருவினார்.

"பிசிறு இல்ல. அப்ப கல்லுல உரசல. பன்னி வால் மாதிரி சுருண்டிருக்கு. அப்ப முடிச்சுதான் நழுவிருக்கு. எச்சில் தொட்டு இறுக்குனீங்களா?"

"எச்சிலா?"

"காஞ்ச நைலானை இழுத்து இறுக்குனா சூடேறி அந்த எடத்துலயே செத்துப்போகும். முடிச்சும் சரியா உக்காராது. அஞ்சு சுத்து சுத்தி, எச்சில் தொட்டு, மெதுவா இறுக்கணும். எத்தனை கிலோ தாங்கும்னு ரீல்ல போட்டிருக்கிறது நூலுக்கு மாப்ளே. உங்க முடிச்சுக்கு இல்ல."

வெட்கமாக இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று உறைத்தது. இவ்வளவும் சொன்னவர், நுனியை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்கவில்லை. நேற்றுத் திண்ணையில் ரீலில் இருந்த நம்பரைப் பார்க்காமல் விரலால் உருட்டினார். தக்கையைப் பார்க்கும் 'பரீட்சை' குழந்தைக்கு. பிரிக்காத மெல்லிசு நரம்புகள். மீனுக்குப் புத்தி வந்துவிட்டது!

0.60-ஐ அவர் எடுத்தது அது ஸ்ட்ராங் என்பதால் அல்ல. அது ஒன்றுதான் அவர் கைக்குத் தட்டுப்பட்டது.

* * *

குழந்தை அந்தண்டை போனதும், "எத்தனை மாசமா மாமா?" என்றேன்.

கண்மாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கம்பத்தில் ஏறும்போது கீழே பார்க்கக் கூடாது என்பார். அப்படி ஒரு பார்வை.

"ஆடியிலேர்ந்து. புகை மூட்டமா இருக்கு. முள்ளுக் காதுல நரம்பு கோக்க முடியல. உங்க அத்தைகிட்ட சொன்னா, கரையில பாம்பு இருக்கும், தண்ணில விழுந்துருவேன்னு கண்மாய்ப் பக்கமே விட மாட்டா. அப்புறம் நான் திண்ணையில உக்காந்து என்ன மாப்ளே செய்யறது?" சற்று நிறுத்தி, "வேலை இல்லாம வீட்ல இருக்கறது லேசு இல்ல. உங்களுக்குத் தெரியும்" என்றார்.

நான் வேலை இல்லாமல் இல்லை, எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று விளக்கம் சொல்ல இது நேரமில்லை. ஃப்ரெண்ட்லியாகத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

"கண்புரைதான் இருக்கும் மாமா. மதுரையில கண் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? நாளைக்கே போவோம். அத்தைகிட்ட நான் பேசறேன்."

உடனே பதில் வரவில்லை. அறுந்து கிடந்த நரம்புத் துண்டுகளைத் தடவித் தடவிப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கெடக்கட்டும்னு விட்டா கொக்கு கால்ல சுத்திக்கும்" என்றார். பிறகு கம்பை என்னிடம் நீட்டி, "எனக்கும் அந்தப் பாயிண்ட் இருபத்தஞ்சைக் கட்டுங்க. எச்சில் தொட்டு" என்றார்.

கட்டினேன். அன்றைக்கு மாமியார் வீட்டில் குழம்பு.

ஐப்பசியில் ஆபரேஷன் நடந்தது. புரைதான். டாக்டர் சொன்னபடி தூசி, தண்ணீர் பக்கம் போகாமல் மாமா அடங்கி இருந்ததே பெரிய சாதனை. பொங்கலுக்குப் போனபோது மறுபடி மூவருமாகக் கண்மாய். வெயிலில் கிடந்தால் நைலான் கெட்டுவிடும் என்று பழைய ரீல்களை எல்லாம் கழித்துக் கட்டியிருந்தார். தேய்மானம்! கடைசியில் எங்கள் இருவர் படிப்பும் ஒரு புள்ளியில் சந்தித்தது.

நான் ஐந்து சுற்று சுற்றி, எச்சில் தொட்டு, மெதுவாக இறுக்கி, பெருமையோடு அவரிடம் நீட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இந்தத் தடவை கண்ணால்.

"நாலு சுத்துதான் இருக்கு" என்று சொல்லி, அறுத்துவிட்டுத் தானே கட்ட ஆரம்பித்தார்.