கடல் கடந்த பணமும் கரை சேராத பாடமும்

பர்மாத் தேக்கிலே தூண்கள்! இத்தாலியச் சலவைக்கல்லிலே தளம்! கண்டரமாணிக்கம் முதலிய செட்டிநாட்டு ஊர்களின் மாளிகைகளைக் கண்டு வியவாதார் இல்லை. ஆனால், பூட்டிய கதவுகளும் அங்கே பலவுண்டு. அவற்றைக் கட்டியெழுப்பிய செல்வம் எங்கே போயிற்று என்று கேட்பார் மிகச் சிலரே. அந்தக் கேள்வியை இன்று நாம் எழுப்புகிறோம். அயல்நாட்டு வாணிபத்தின் தடைகள் யாவை, அவற்றை வெல்லும் வழிகள் யாவை என்று அறிய, இலண்டனுக்கோ நியூயார்க்குக்கோ ஓடவேண்டியதில்லை. பாடம் நம் வீட்டு முற்றத்திலேயே கிடக்கிறது.

1852இல் கீழைப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மிய அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை அருகே வந்தது. காடு வெட்டி வயலாக்க உழவனுக்குப் பணம் தேவை. வெள்ளையர் வங்கிகளோ அவனுக்குக் கடன் தர முன்வரவில்லை. நகரத்தார் முன்வந்தனர். மொழி வேறு, நாடு வேறு, இடையிலே கடல்! எனினும் அஞ்சினார்களா? இல்லை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாகப் பயிற்சி தந்தனர். மூன்றாண்டுக் கணக்கில் ஆள் அனுப்பினர். உண்டியலால் பணத்தைக் கடல் கடத்தினர். கோயிலிலே கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தனர். 1930ஐ ஒட்டி, பர்மாவில் அவர்களுடைய முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று அன்றைய வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது.

வணிகன் தன் திறத்தால் வெல்லக்கூடிய தடைகளையெல்லாம் அவர்கள் வென்றனர். வெல்ல முடியாத தடை ஒன்று இருந்தது. அதன் பெயர் அரசு!

1930இல் உலகப் பொருளாதார மந்தம் தாக்கியது. நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் வந்தது. கீழைப் பர்மாவின் பதின்மூன்று நெல் மாவட்டங்களில், 1930இல் நூற்றுக்கு ஆறாக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1938க்குள் நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று. பணம் கேட்டவர்க்கு மண் கிடைத்தது. மண்ணை இழந்தவனுக்கு மனக்கசப்பே மிஞ்சியது. அவர்கள் நிலத்தை நாடிச் சென்றவர்கள் அல்லர் என்பது உண்மை. ஆனால், உழுத வயலை இழந்தவனுக்கு அந்த உண்மை ஆறுதலாகுமா?

பின்னர் வந்தவை அடுக்கடுக்கான அடிகள். 1937இல் பர்மா இந்தியாவினின்றும் பிரிக்கப்பட்டது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு. 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம். 1963இல் வங்கிகள் நாட்டுடைமையாயின. 1964இல் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாமற் போயின. அவ்வாண்டுகளிலே வெளியேறிய இந்தியர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். அவர்கள் எல்லாரும் முதலாளிகளா? கடைச் சிப்பந்தியும் கூலித் தொழிலாளியும் சிறு வணிகரும் அன்றோ அவர்களிற் பெரும்பாலோர்! சென்னையின் பர்மா பஜார் அவர்களுடைய துயரத்தின் பெயர்ப்பலகையாக நிற்கிறது.

காற்றின் திசையறிந்து பாய் திருப்பியவர்களும் உண்டு. மௌல்மீனில் லேவாதேவி நடத்திய முருகப்பர் குடும்பம் முதலைத் தாயகம் திருப்பியது. 1949இல் அம்பத்தூரிலே மிதிவண்டித் தொழிற்சாலை எழுந்தது. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிடத்தும் தொடங்கினார். ஒரே நாடு, ஒரே பயிர், ஒரே தொழில் என்று நம்பாது முதலைப் பரப்புவதும், வட்டியை விட்டு உற்பத்திக்கு வருவதும் அவர்கள் காட்டிய வழி.

பழங்கதை ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். 2025 ஆகஸ்டிலே இந்தியப் பொருள்கள்மீது அமெரிக்கா ஐம்பது விழுக்காடு வரை வரி விதித்தபோது, திருப்பூர் நடுங்கியதே, ஏன்? தையல் தெரியாததாலா? தரம் குறைந்ததாலா? இல்லை. வாஷிங்டனில் இட்ட ஒரு கையெழுத்து, நொய்யற்கரையின் தறிக்கூடங்களையும் தையற்கூடங்களையும் உலுக்கியது. ரங்கூனில் அன்று நிகழ்ந்ததும் அதுவே. ஆண்டு வேறு, ஆயுதம் வேறு.

ஆகவே, தோழர்களே, மூன்று செய்திகளை மக்களிடம் கொண்டு செல்லுங்கள். ஒரே சந்தையை நம்பி நிற்கும் தொழில், ஒற்றைத் தூணில் நிற்கும் மண்டபம். செல்லுமிடத்து மக்களின் நல்லெண்ணத்தைச் சம்பாதிக்காத பணம், சட்டம் மாறும் நாளிலே அனாதை. அயல்நாட்டு வாணிபம் அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. ஒப்பந்தம் டில்லியில் கையெழுத்தாகிறது, விளைவைத் தாங்குவது திருப்பூரும் தூத்துக்குடியும். ஆதலின், கையெழுத்துக்கு முன்னே மாநிலத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். வரிப்போர் மூளும்போது முதலாளிக்கு மட்டுமன்றி, வேலையிழக்கும் தொழிலாளிக்கும் காப்பு வேண்டும்.

கப்பல் ஏறத் தெரிந்த இனம் நாம். கப்பல் கவிழும்போது யார் கை கொடுப்பார் என்பதையும் கேட்டறிந்து ஏறுவோம்!