கல்லை உடைப்பதில் அவசரம் எதற்கு?

விடியும் முன்பே ஜீப்புகளில் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் கம்பம் பள்ளத்தாக்குத் தொழிலாளர்களுக்குச் சிறுநீரகக் கல் என்பது வலி மட்டுமன்று, கூலி இழப்பும்கூட. உடலைக் கீறாமல் வெளியிலிருந்தே கல்லை உடைக்கும் அதிர்வலைச் சிகிச்சை (லித்தோட்ரிப்சி) இவர்களுக்கென்றே வந்ததுபோலத் தோன்றும். பெரும்பாலும் காலையில் சென்று மாலையில் வீடு திரும்பிவிடலாம். ஆனால், கல் சரியாக உடையாமல் இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள மதுரைக்குப் பேருந்து ஏற நேர்ந்தால், அந்த வசதியே சுமையாகிவிடுகிறது. இந்த அலைச்சலில் ஒரு பகுதியைப் புதிய இயந்திரம் எதுவும் வாங்காமலேயே தவிர்க்க முடியும்.

1980 பிப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில்தான் இச்சிகிச்சை முதன்முதலில் மனிதருக்கு அளிக்கப்பட்டது. கருவியை உருவாக்கிய டோர்னியர், விமானங்கள் தயாரித்த நிறுவனம். அதிவேக விமானத்தின் மீது மழைத்துளி மோதும்போது எழும் அதிர்வைப் பற்றிய ஆய்விலிருந்து பிறந்தது இந்த யோசனை. அன்று நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் அமர்த்தினார்கள். நீரும் உடல் திசுக்களும் ஒலியலையை ஏறக்குறைய ஒரே விதமாகக் கடத்துவதால், அலை தடையின்றிக் கல்லைச் சென்றடைந்தது. பின்னாளில் தொட்டி போய், நீர்ப்பையும் அதன்மேல் பூசும் ஜெல்லும் வந்தன. மருத்துவமனைக்கு வசதி கூடியது. ஆனால், பிந்தைய கருவிகள் பலவும் கல் உடைக்கும் திறனில் பழைய தொட்டிக் கருவியை எட்டவில்லை என்பது வியப்பு. அதற்கு ஒரு காரணம், ஜெல்லில் சிக்கும் காற்றுக்குமிழ்கள். தொடும் பரப்பில் வெறும் 2 சதவீதத்தைக் காற்று மூடினாலே கல் உடைவது 20 முதல் 40 சதவீதம் வரை குறைவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. ஜெல்லைக் கவனமாகப் பூசுவதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

அடுத்தது வேகம். நிமிடத்துக்கு 120 அதிர்வுகளைவிட 60 அதிர்வுகளே கல்லை நன்றாக உடைக்கின்றன. கனடாவின் டொராண்டோவில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், மெதுவான முறையில் 75 சதவீதமும் வேகமான முறையில் 61 சதவீதமும் வெற்றி கிடைத்தது. ஓர் அதிர்வு கல்லைச் சுற்றிய திரவத்தில் உண்டாக்கும் நுண்குமிழ்கள் அடங்குவதற்குள் அடுத்தது வந்தால், அதன் ஆற்றலைக் குமிழ்களே விழுங்கிவிடுகின்றன. ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கமும் நிமிடத்துக்கு 60 முதல் 90 வரை என்றே பரிந்துரைக்கிறது. ஆனால், 3,000 அதிர்வுகளை 120 வேகத்தில் 25 நிமிடங்களில் முடித்துவிடலாம்; 60 வேகத்தில் 50 நிமிடங்கள் ஆகும். வெளியே வரிசை காத்திருக்கும்போது எந்தப் பக்கம் மனம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கல்லையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல், சி.டி. ஸ்கேனில் மிக அடர்த்தியாகத் தெரியும் கல், சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் தங்கிய கல் ஆகியவற்றுக்கு இம்முறை அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. கர்ப்பிணிகளுக்கும் ரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்களுக்கும் இது கூடாது. 'உங்களுக்கு இது ஏற்றதல்ல' என்று முதலிலேயே சொல்லிவிடும் மருத்துவர், நோயாளிக்கு வீண் பயணங்களை மிச்சப்படுத்துகிறார்.

அமெரிக்காவின் சியாட்டிலில் உருவான, மென்மையான அலைத்தொடர்களைப் பயன்படுத்தும் முறை 2022-இல் 19 பேரிடம் நல்ல பலன் காட்டியது. அது நம்மூருக்கு வரும்போது வரட்டும்.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொடங்கி மதுரை வரை, கல் பிரச்னையுடன் வருவோரை எங்கு அனுப்பினாலும், மூன்று மாதங்களுக்குப் பின் கல் முழுவதும் வெளியேறியதா என்பதைப் பதிவு செய்ய வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் போன்ற பொதுப்பணம் செலவாகும் இடங்களில், எத்தனை முறை சிகிச்சை நடந்தது என்ற கணக்கோடு இந்தக் கணக்கையும் கேட்பதில் தவறில்லை. விகிதம் வெளியே தெரிந்தால் வேகம் தானாகக் குறையும்.

கல் மீண்டும் வராமலிருக்கத் தண்ணீர்தான் முதல் மருந்து. சின்னமனூர்ப் பக்கம் வாழைத்தண்டுச் சாற்றை நம்புவோர் உண்டு. சாறு கரைக்கிறதோ இல்லையோ, கூடவே உள்ளே செல்லும் நீர் நல்லதுதான். நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் வெளியேறும் அளவுக்குக் குடிக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். கழிப்பிடம் இல்லாத தோட்டத்தில் நாள் முழுக்க வேலை செய்யும் பெண் அதற்குத் தலையாட்டிவிட்டு வருவார். ஆனால் குடிக்க மாட்டார். அந்தக் கழிப்பிடத்தைக் கட்டித்தர வேண்டியவர் மருத்துவர் அல்லர், தோட்ட உரிமையாளர்.