800 கலோரி டயட்: தனியாக இறங்கினால் என்ன ஆபத்து?

கோட்டுச்சேரியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்துக்குள் நாலு ரீல்ஸ் ஓடிவிடும். அதில் ஒன்று நிச்சயம் இப்படி இருக்கும்: "சோத்தை விடுங்க, ஒரே மாசத்துல 10 கிலோ போயிடும்!" கல்யாணத் தேதி குறித்தவர்களுக்கும், புது வேலையில் சேரப்போகிறவர்களுக்கும் செய்து பார்த்தால்தான் என்ன என்று தோன்றும்.

நம்புகிறவர்களைத் திட்டுவது சுலபம். ஆனால், தேவை நிஜமானது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, காரைக்காலையும் உள்ளடக்கிய புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 46 சதவீதம் பேருக்கு அதிக எடை அல்லது உடல் பருமன் இருக்கிறது. இத்தனை பேருக்கும் வழிகாட்டுவது யார்? இப்போதைக்குப் பெரும்பாலும் செல்போன்தான்.

அதன் விலை பெரிது. 2025 ஜூலையில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் அருகே 17 வயது மாணவர் ஒருவர் இறந்தார். யூடியூப் பார்த்து, சுமார் 3 மாதம் பழச்சாறை மட்டுமே குடித்து எடை குறைக்க முயன்றதாகச் செய்திகள் வந்தன. கல்லூரியில் சேரவிருந்த பையன். அதே ஆண்டு மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில், நீண்ட காலம் சாப்பாட்டைத் தவிர்த்துவந்த 18 வயதுப் பெண்ணும் உயிரிழந்தார்.

மிகக் குறைந்த கலோரி டயட் என்றால்?

ஒரு நாள் முழுவதற்கும் 800 கலோரி அல்லது அதற்கும் கீழ். சாம்பார், சட்னியோடு 4 இட்லி சாப்பிட்டாலே அதில் ஏறக்குறைய பாதி தீர்ந்துவிடும். அதிகம் உடலுழைப்பு இல்லாத, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,660 கலோரி தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்.

உடலுக்குள் என்ன நடக்கும்?

முதல் வாரத்தில் மளமளவென்று எடை இறங்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். பிறகு கொழுப்போடு தசையும் கரையும், இதயமும் தசைதான். பொட்டாசியம் குறைந்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகும். பித்தப்பைக் கல் வரலாம். சர்க்கரை, பி.பி. மாத்திரை போடுபவர்கள் அளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ சட்டென்று சரிந்து மயங்கி விழலாம்.

பல நாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று வயிறு நிறையச் சாப்பிடுவதும் ஆபத்து. ரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் ஒரேயடியாகச் செல்களுக்குள் போய்விட, இதயமும் மூச்சும் தடுமாறும்.

அப்படியென்றால் டாக்டர்கள் ஏன் தருகிறார்கள்?

தருகிறார்கள், கண்காணிப்போடு. பிரிட்டனில் நடந்து 2017-இல் வெளியான 'டைரக்ட்' ஆய்வில், டைப் 2 சர்க்கரை நோயாளிகளுக்கு 3 முதல் 5 மாதம் வரை நாளுக்குச் சுமார் 850 கலோரி மட்டுமே தரப்பட்டது. ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மருந்தே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது.

அவர்கள் குடித்தது வெறும் ஜூஸ் அல்ல. தேவையான சத்துகள் சேர்த்த உணவுக் கலவை. சர்க்கரை, பி.பி. மருந்துகள் முதல் நாளே திட்டமிட்டு நிறுத்தப்பட்டன. பழைய சாப்பாட்டுக்குப் படிப்படியாகத் திரும்ப வைத்தார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டது பெரிய ஆஸ்பத்திரி அல்ல. உள்ளூர் கிளினிக்கில் பயிற்சி பெற்ற நர்சும் டயட்டீஷியனும்தான்.

வித்தியாசம் கலோரியில் இல்லை, கூட யார் இருக்கிறார்கள் என்பதில்தான். எனவே இதை இளைஞர்களின் அவசரபுத்தி என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பி.பி., சர்க்கரை பார்ப்பதுபோல எடைக்கும் ஆலோசனை கிடைக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது ஒரு டயட்டீஷியன் வந்தால், கோட்டுச்சேரி போன்ற ஊர்களுக்கு அதுவே நல்ல தொடக்கம்.

அதுவரை என்ன செய்யலாம்?

வாரத்துக்கு அரை கிலோ குறைவது பாதுகாப்பானது. எடைக்குறைப்பு உணவு 1,000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது என்கிறது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 18 வயதுக்கு உட்பட்டவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் தாங்களாகக் கடும் டயட்டைத் தொடவே வேண்டாம்.

ஏற்கெனவே வாரக்கணக்கில் பட்டினி கிடப்பவர்கள் விருந்தோடு முடிக்காமல் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். படபடப்பு, மயக்கம், மூச்சுத்திணறல் வந்தால் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வீட்டில் யாராவது சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துக்கொண்டே வந்தால், "இளைச்சிட்டியே, சூப்பர்!" என்று பாராட்டும் முன் "என்ன சாப்பிட்டே?" என்று கேளுங்கள்.