உங்க சர்டிபிகேட்டுல என்ன போட்டிருக்குதுங்க?

"கோயமுத்தூர்ல இப்பெல்லாம் யாருங்க சாதி பாக்கறாங்க?"

இந்த ஒரு வரியைக் கேட்ட இடங்களைக் குறித்துவைத்திருந்தால் எங்களிடம் ஒரு நோட்டு நிறைந்திருக்கும். டீக்கடை, கல்லூரி கேன்டீன், திருச்சி ரோட்டு ஷேர் ஆட்டோ, வாட்ஸ்அப் குழு. சொல்கிறவர் பெரும்பாலும் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அதே மனிதர் சிங்காநல்லூரில் தன் லைன் வீட்டை வாடகைக்கு விடும்போது, "எந்த ஊருங்க? நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பார். பதிலைக் கேட்டபின் வீடு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டதாகச் சொல்வார். அதைச் சாதி பார்த்ததாக அவர் கணக்கில் வைப்பதில்லை. அது வீட்டு விஷயம், கோயில் விஷயம், கல்யாண விஷயம்.

சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், இருகூர் பக்கம் நாங்கள் சந்திக்கும் பிள்ளைகளில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள். அம்மா மாநகராட்சியில் துப்புரவுப் பணி, அப்பா மில் வேலை போய் இப்போது பெயின்ட் அடிக்கிறவர், இப்படியான வீடுகள். கல்லூரி திறந்த சில வாரங்களில் அவர்கள் பாடத்தோடு சேர்த்துச் சில வாக்கியங்களையும் கொண்டுவருவார்கள். "அம்பேத்கரே பத்து வருசம்தான்னு சொன்னாராமே அக்கா?" "எஸ்.சி.யில பணக்காரங்களும் ஃபீஸ் கட்டாம படிக்கறாங்களாமே?" ஒரு தம்பி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவே மாட்டேன் என்று இரண்டு வாரம் அடம்பிடித்தான். பட்டியல் ஒட்டினால் வகுப்பில் பெயர் தெரிந்துவிடும், "உனக்கென்னடா, கவர்மென்ட் கட்டுது" என்பார்கள் என்று பயம். தவறான ஒரு தகவல் ஒரு பையனின் படிப்புச் செலவிலேயே கைவைக்கிறது. அதனால்தான் இந்தப் பேச்சுகளை வெறும் அரட்டை என்று எங்களால் விட்டுவிட முடிவதில்லை.

இவை கருத்து வேறுபாடுகள் என்று சொல்லப்படுகின்றன. இல்லை, தகவல் பிழைகள். எடுத்துச் சரிபார்த்துவிடலாம். ஆச்சரியம் என்னவென்றால், இத்தனை பிழைகளில் ஒன்றுகூடத் தவறிப்போய் நம் பக்கம் சாய்வதில்லை.

பத்து வருசக் கதையை எடுத்துக்கொள்வோம். அரசியலமைப்பின் 334ஆவது பிரிவு பத்தாண்டு என்று சொன்னது சட்டமன்ற, நாடாளுமன்றத் தனித்தொகுதிகளைப் பற்றி. நமக்குப் பக்கத்தில் அவினாசி, தாராபுரம், வால்பாறை இருக்கின்றனவே, அவற்றுக்கான காலவரையறை அது. அதையும் நாடாளுமன்றமே ஒவ்வொரு முறையும் நீட்டித்து, கடைசியாக 104ஆவது திருத்தத்தின் மூலம் 2030 ஜனவரி வரை வைத்திருக்கிறது. கல்விக்கான 15(4), வேலைக்கான 16(4) ஆகிய பிரிவுகளில் எந்த ஆண்டுக் கணக்கும் கிடையாது. அம்பேத்கரைப் பொறுத்தவரை, தனித்தொகுதிகளுக்கு இதைவிட நீண்ட காலம் கேட்கவே தான் தயாராக இருந்ததாக 1949இல் அரசியல் நிர்ணய சபையில் சொன்னவர் அவர். அவர் பெயரிலேயே இந்தப் பொய் ஓடுகிறது. 15(4) பிறந்த கதையும் நம் மாநிலத்துக் கதைதான்: வகுப்புவாரி அரசாணையை எதிர்த்த செண்பகம் துரைராசன் வழக்கில் அரசாணை செல்லாது என்று தீர்ப்பு வர, இங்கே கிளர்ச்சி வெடிக்க, 1951இல் முதல் திருத்தம் வந்தது. அந்தத் திருத்தத்தால் பயனடைந்தவர்களில் பட்டியல் சாதியினரைவிடப் பிற்படுத்தப்பட்டோர் தொகை மிக அதிகம்.

இங்கேதான் தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறோம்.

தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 30 (அதில் முஸ்லிம்களுக்கு 3.5), மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. ஆக 69இல் 50 யாருக்கு? கொங்கு வேளாளர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்டது 1975இல். அதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வானம் பார்த்த பூமியில் கிணறு வெட்டிக் கடன்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் இன்ஜினியரிங் படித்ததும், அரசு அலுவலகங்களுக்குள் போனதும் நல்லதுதான். ஆனால் அந்தக் கதவு வழியாக உள்ளே போன குடும்பத்துப் பையன், கேன்டீனில் உட்கார்ந்துகொண்டு "கோட்டா ஆளுங்க" என்று இன்னொருவனைச் சொல்கிறான். தன் வீட்டு பீரோவில் இருக்கும் சாதிச் சான்றிதழை அவன் எடுத்துப் பார்த்ததே இல்லை. கவுன்சிலிங்குக்கு அப்பா எடுத்துவந்தார், திரும்ப பீரோவில் வைத்துவிட்டார்.

"பணக்கார எஸ்.சி." கேள்விக்கும் இதே பீரோதான் பதில். பட்டியல் சாதி மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். வரம்பு இல்லாமல் அள்ளிக்கொடுக்கிறார்கள் என்பது பொய். மறுபக்கம், தமிழ்நாட்டு அரசின் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டில் கிரீமி லேயர் வடிகட்டலே கிடையாது. மில் முதலாளியின் பிள்ளையும் அதில் வரலாம். அது சமூகநீதியின் அடிப்படை என்று திராவிட இயக்கம் வாதிட்டுக் காத்த கொள்கை, நாமும் ஏற்கிறோம். அப்படியானால் வருமானக் கேள்வி ஏன் நம் வாசலில் மட்டும் நிற்கிறது? ஒன்றிய அரசு 2019இல் உயர்சாதி ஏழைகளுக்குப் பத்து விழுக்காடு கொடுத்தபோது, ஆண்டுக்கு எட்டு லட்சம் வரை ஏழை என்றது. அன்றைக்கு 'தகுதி' பற்றிக் கவலைப்பட்டவர்களைத் தேட வேண்டியிருந்தது. இந்த ஊரில் இன்னொன்றும் உண்டு. லட்சங்களைக் கட்டிச் சேர்வதன் பெயரே 'மேனேஜ்மென்ட் கோட்டா'. அதில் கோட்டா என்ற சொல் யாருக்கும் உறுத்துவதில்லை.

இந்த வாக்கியங்கள் கொங்கு மண்ணுக்கு மட்டும் சொந்தமல்ல. சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகள் நைஜீரியாவைப் பற்றிக் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம். அதன் தென்கிழக்கில் இக்போ மக்களிடையே 'ஓசு' என்றொரு பிரிவு. ஒரு காலத்தில் தெய்வங்களுக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களின் வழிவந்தவர்கள், பிறப்பாலேயே விலக்கப்பட்டவர்கள். 1956இல் கிழக்கு மண்டலத்தில் சட்டம் போட்டு ஓசு முறையை ஒழித்தார்கள். ஆனாலும் சினுவா அச்சிபி 1960இல் எழுதிய 'நோ லாங்கர் அட் ஈஸ்' நாவலில், இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய நாயகனின் காதல் உடைவது, அவள் ஓசு என்பதால். இன்றும் அங்கே நகரத்தில் "யார் ஓசு பார்க்கிறார்கள்?" என்பார்கள், கல்யாணப் பேச்சு வந்தால் பெண் வீட்டின் பூர்வீக ஊருக்கு ஆள் போகும். மாநிலவாரி ஒதுக்கீடும், மாநிலத்துக்கு ஒரு கட்-ஆஃபும் அங்கே உண்டு, அதனால் 'தகுதி' சண்டையும் உண்டு. நம் ஊர் மாப்பிள்ளை வீட்டார் தரகரை வைத்து விசாரிப்பதும் அதுவும் ஒரே வேலைதான்.

சாதி இல்லை என்கிற ஊரில் நடந்தவற்றையும் சொல்லிவிடுவோம். 2018 ஜூலையில் அவினாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்க வந்ததும், அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள் என்று ஆட்கள் திரண்டார்கள். அதிகாரிகள் அந்தப் பெண்ணைத்தான் இடம்மாற்றினார்கள். போராட்டத்துக்குப் பிறகே அந்த ஆணை ரத்தானது. 2019 டிசம்பர் 2 விடியலில் மேட்டுப்பாளையம் நடூரில் உயரமான சுற்றுச்சுவர் இடிந்து அருந்ததியர் குடியிருப்பின் மீது விழுந்து 17 பேர் செத்தார்கள். "மழைல இடிஞ்ச சுவருங்க, இதுலயும் சாதியா?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். சுவரின் எந்தப் பக்கம் யார் வீடு என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை.

அடுத்தது, எங்களை அதிகம் அலைக்கழிப்பது: "பி.சி.ஆர். கேஸ் போட்டுருவாங்க, எல்லாம் பொய்க் கேஸ்." முதலில் பெயரே தப்பு. பி.சி.ஆர். என்பது 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டத்துக்கு 1976இல் வைத்த பெயர், குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். இன்று வன்கொடுமை வழக்குகள் பதிவாவது 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ். காவல்துறையின் அந்தப் பிரிவுக்கு முன்பு பி.சி.ஆர். என்று பெயர் இருந்ததால் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. 'சமூகநீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவு' என்று மாறியும் மக்கள் வாயில் மாறவில்லை. சட்டத்தின் பெயரே தெரியாதவர் அதன் துஷ்பிரயோகம் பற்றி மட்டும் உறுதியாகப் பேசுவார்.

விடுதலையானால் பொய் வழக்கு என்று ஒரு கணக்கு சொல்கிறார்கள். ஓமலூர் கோகுல்ராஜ் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் உடன் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த இன்ஜினியரிங் பட்டதாரி கடத்தப்பட்டு, மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். தற்கொலைபோலக் காட்ட முயன்றார்கள். முக்கிய சாட்சி பிறழ்சாட்சியானார். கோயில் சிசிடிவி பதிவு இல்லாமலிருந்து, விசாரணையை மதுரைக்கு மாற்றச் சொல்லி அவருடைய தாய் நீதிமன்றம் போகாமலிருந்து, அரசுத் தரப்பில் ப.பா. மோகன் நிற்காமலிருந்து, வழக்கு தோற்றிருந்தால்? அதுவும் 'பொய்க் கேஸ்' பட்டியலில் சேர்ந்திருக்கும். 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஏழாண்டு ஒரு தாய் தாக்குப்பிடித்ததால் கிடைத்தது. சாட்சி கலைந்து, சமரசம் பேசி, வேலை போய்விடும் என்று மிரட்டி முடிக்கப்படுகிற வழக்குகளுக்கு நம்மிடம் இப்படி ஒரு பெயர்கூட இல்லை. எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்காவை, வேலை செய்யும் இடத்தில் சாதியைச் சொல்லித் திட்டினார்கள். புகார் எழுதிவைத்துவிட்டு, "பொய்க் கேஸ் போடற பொம்பளன்னு பேராயிரும் கண்ணு" என்று கிழித்துப்போட்டார். பொய் வழக்குப் பேச்சு யாரைத் தடுக்கிறது என்பதற்கு இதுவே போதும்.

இனி சொல்லப்போவது நம் ஆட்கள் சிலருக்குக் கசக்கும். தவறான தகவல் எதிர்ப்பக்கம் மட்டும் இல்லை. "அருந்ததியர் மூணு பர்சன்ட்டை நம்மகிட்டருந்து புடுங்கிட்டாங்க" என்று நம் கூட்டங்களிலேயே பேசப்படுகிறது. பட்டியல் சாதியின் 18 விழுக்காடு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதற்குள் 3 விழுக்காட்டளவு இடத்தில் அருந்ததியர், சக்கிலியர், மாதாரி, பகடை, தோட்டி உள்ளிட்ட ஏழு சாதியினருக்கு முன்னுரிமை என்பதுதான் நீதிபதி எம்.எஸ். ஜனார்த்தனம் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு வந்த 2009ஆம் ஆண்டுச் சட்டம். தகுதியான ஆள் கிடைக்காவிட்டால் அந்த இடம் மற்ற பட்டியல் சாதியினருக்கே போகும். 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, உள்ஒதுக்கீடு செல்லும் என்று ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் சொல்லிவிட்டது. ஒரே ஒரு பணியிடம் இருக்கும்போது சுழற்சி முறையில் யார் முதலில் என்பது போன்ற கேள்விகள் நியாயமானவை, உட்கார்ந்து பேசலாம். தீர்ப்பில் சில நீதிபதிகள் கிரீமி லேயர் பற்றிச் சொன்னதை எதிர்ப்பதும் சரியே. ஆனால் கோவையில் சாக்கடை அள்ளுவது யார் என்று பார்த்த எவரும், அந்தச் சமூகத்துக்குத் தனியாக ஏன் என்று கேட்கக்கூடாது. ஆதிக்க சாதிக்காரர் நம்மைப் பார்த்துச் சொல்லும் 'பறிச்சுட்டாங்க' என்ற அதே சொல்லை நாம் அருந்ததியரை நோக்கித் திருப்பிவிட்டு, மேடையில் ஒற்றுமை பேசினால் வளவில் இருப்பவர்களுக்குச் சிரிப்புதான் வரும்.

அடுத்த முறை யாராவது உங்களிடம் ஆரம்பித்தால், கோபப்பட வேண்டாம், பிரிவு எண்களை அடுக்கவும் வேண்டாம். "உங்க சர்டிபிகேட்டுல என்ன போட்டிருக்குதுங்க?" என்று மரியாதையாகவே கேளுங்கள். பலருக்கு அங்கேயே பேச்சு நின்றுவிடும். சிலர் உண்மையிலேயே வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள், நேரம் வீணாகாது.

உதவித்தொகை விண்ணப்பத்தில் சிக்கல் இருப்பவர்கள் வருமானச் சான்று, சாதிச் சான்று, வங்கிப் புத்தகத்தோடு எங்களைப் பாருங்கள். கடைசித் தேதி வரை காத்திருக்க வேண்டாம். வன்கொடுமைப் புகார் கொடுக்கப் போகிறவர்கள் தனியாகப் போகாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். டி.எஸ்.பி. அந்தஸ்தில் உள்ள அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். நிலையத்தில் வாங்க மறுத்தால் 14566க்கு அழையுங்கள், அழைத்த நேரத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.