கைக்கடிகாரத்தைக் கழற்றி வைக்காதீர்கள்



உழவர்கரைப் பகுதியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் என இரு தொழிற்பேட்டைகள் உள்ளன. காலை நேரத்தில் அவ்வழியே செல்வோர், பணிக்கு விரைபவர்களோடு, சான்றிதழ் உறையைக் கையில் ஏந்தி வாயிற்காவலரிடம் விசாரித்து நிற்கும் இளைஞர்களையும் காணலாம். இவர்களுள் ஓராண்டு, ஈராண்டு அலைந்தவர்களும் உண்டு. அவர்களைப் பற்றியும், அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழும் நம்மைப் பற்றியும் இம்மாதம் சிறிது சிந்திப்போம்.

வேலையின்மை புதுவைக்குப் புதிதன்று. முதலியார்பேட்டையில் 1898-இல் ரோடியர் ஆலையாகத் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு பஞ்சாலை, 2020 ஏப்ரல் 30-ஆம் நாளோடு மூடப்பட்டது. அதே ஆண்டில் சுதேசி, பாரதி ஆலைகளும் மூடப்பட்டன. தலைமுறை தலைமுறையாக ஆலைச் சங்கைக் கேட்டு உலை வைத்த இல்லங்கள் இந்நகரைச் சுற்றிலும் இருந்தன.

ஆலை மூடப்பட்ட ஓர் ஊரில் மனிதர்களுக்கு என்ன நேர்கிறது என்பதை ஒரு குழுவினர் முன்பே நுணுகி ஆராய்ந்திருக்கிறார்கள். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகில் மரியந்தால் என்றொரு சிற்றூர். ஊரே ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்தது. 1929-30-இல் ஆலை மூடப்பட்டதும் ஏறத்தாழ ஊர் முழுவதும் வேலையிழந்தது. மரியா யகோதா என்ற பெண்மணியும் அவருடைய தோழர்களும் அங்கே தங்கி ஆராய்ந்து, 1933-இல் நூலாக வெளியிட்டனர்.

அவர்கள் கண்டது வியப்பானது. ஓய்வு நேரம் பெருகிவிட்டதே, மக்கள் நிறையப் படித்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நூலகக் கட்டணத்தை நீக்கிய பிறகும், இரவல் பெற்ற நூல்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது! ஆண்களின் நடை தளர்ந்தது. நாலடி நடந்து நின்றார்கள். பலர் கைக்கடிகாரம் கட்டுவதையே விட்டார்கள். காலை எழுந்ததற்கும் நண்பகல் உணவுக்கும் இடையே என்ன செய்தீர்கள் என்று கேட்டால், பலருக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பெண்களின் நிலையோ வேறு. அவர்களும் ஆலைக் கூலியை இழந்தவர்களே; ஆயினும் அடுப்பும் குழந்தைகளும் அவர்களுடைய நாளுக்கு ஒரு வரம்பு கட்டிக் கொடுத்தன. அவர்களுக்கு நேரம் போதவில்லை.

வருமானத்தோடு நாளின் வடிவமும் பறிபோகிறது என்பதே இதன் பொருள். முயற்சி செய்ய மனமில்லாதவன் என்று நாம் ஏசும் மகன், உண்மையில் எந்த மணிக்கு எதைச் செய்வது என்று அறியாமல் நிற்கிறான். பஜ்ருக்கு எழுந்தவன் மீண்டும் போர்வைக்குள் புகாமல், நண்பகல் வரை விண்ணப்பம், விசாரணை, நேரில் செல்லுதல் எனத் தேடுவதையே தன் பணியாகக் கொள்ளட்டும். பிற்பகலில் ஏதேனும் ஒரு கைத்தொழிலோ கணக்கோ பயிலட்டும். 1827-இல் நிறுவப்பட்ட ரோமன் ரோலன் நூலகம் புதுவை நகரிலேயே இருக்கிறது. பதில் வருவது அவன் கையில் இல்லை. இவ்வாரம் எத்தனை வாயில்களை ஏறினோம் என்பது அவன் கையில் இருக்கிறது. அந்தக் கணக்கை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவது நல்லது.

வீட்டாரின் பங்கும் சிறிதன்று. சிறு பட்டறைகளிலும் கடைகளிலும் ஆள் தேவை என்ற செய்தி பத்திரிகைக்கு வருவது அரிது. அது வாய்வழியாகவே பரவும். "இன்னும் ஒன்றும் அமையவில்லையா?" என்று நிக்காஹ் வீட்டில் நாலு பேர் முன்னிலையில் கேட்கிறோம். அதன்பின் அவன் நிக்காஹ் வீட்டுக்கே வருவதில்லை; ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் நின்று பேசுவதுமில்லை. செய்தி வரும் வழியை நம் வாயாலேயே அடைத்து விடுகிறோம்! கேட்டே ஆக வேண்டுமென்றால், "இன்று யாரைப் பார்த்தாய்?" என்று வாப்பா தனிமையில் கேட்கலாம். அதற்கு அவனிடம் பதில் இருக்கும்.

நெடுநாள் தேடல் இன்னொரு ஆபத்தையும் கொண்டுவருகிறது. அலுத்துப்போன மனம் எதையும் நம்பும். வளைகுடா விசா வாங்கித் தருவதாக ஒருவர் வருவார். இரண்டு நாளில் பணம் கட்டாவிட்டால் வாய்ப்புப் போய்விடும் என்பார். உம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போகும். பதிவு பெற்ற முகவர் தம் சேவைக்கு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே பெறலாம் என்பது விதி; அதற்கு ரசீதும் தர வேண்டும். அவருடைய பதிவு எண்ணை நடுவண் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். ஐயம் இருந்தால் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் கேட்கலாம். வளையலைக் கழற்றுமுன், இந்த விசாரணையை மகனிடமே ஒப்படையுங்கள். ஒரு முற்பகல் போதும். அவனுக்கும் அன்றைய காலைக்கு ஒரு வேலை ஆயிற்று.